இரண்டாவது குட்டியானை

தேவகோட்டையிலிருந்து உள்ளே தள்ளி, கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊர். போன வருடம் மாசியில் அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தேன். விடிந்தும் விடியாமலும் கரையில் ஒரு குட்டியானை வந்து நின்றது. டாடா ஏஸ் வண்டியை எங்கள் பக்கம் யாரும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வண்டியில் வந்தவர் இறங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா நான்கு சாக்குக் கத்தரிக்காயைக் கட்டி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, நேத்து இருபதுன்னீங்க?"

"நேத்துப் பேச்சு நேத்தோட போச்சுத்தா. மதுரையிலயே சரக்கு குவிஞ்சு கெடக்கு. பதினாலுன்னா ஏத்தச் சொல்லு, இல்லேன்னா நீயே வச்சுக்க."

அந்தம்மா ஒரு காயை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், சாக்கிலேயே வைத்தார். "சரி, ஏத்துங்க" என்றார். எடை போட்டு முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மதுரை மாட்டுத்தாவணியில் கத்தரிக்காய் என்ன விலை என்று செல்போனில் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். அவர் மகன் பார்த்துத்தான் வைத்திருந்தான். வண்டிக்காரர் சொன்னதைவிட நல்ல விலை. ஆனால் நான்கு சாக்கை மதுரைக்குக் கொண்டு போக வண்டி வேண்டும். தனி வண்டி பிடித்தால் வாடகையிலேயே காய் போய்விடும். பறித்த காய் நாளை வரை காத்திருக்காது. அந்தக் கரைக்கு வருகிற வண்டியோ அது ஒன்றுதான்.

பொருளாதாரம் இதை 'வாங்குபவர் பலம்' என்கிறது. விற்பவர் ஒருவரே என்றால் நமக்கு உடனே புரியும்; ஏகபோகம் என்று பேர் வைத்துத் திட்டுவோம். வாங்குபவர் ஒருவரே என்கிற நிலை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அதில் அடி வாங்குபவர் கடைக்கு வருகிற நாம் அல்ல. இந்த நிலைக்கு 'மோனாப்சனி' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன், 1933-இல். கிரேக்கத்தில் 'ஒப்சோன்' என்றால் ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் மீன், கறி வகை. நம் ஊரில் வெஞ்சனம் என்கிறோமே, அது. அதை வாங்கக் கடைக்குப் போவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் மோனாப்சனி. வெஞ்சனம் வாங்க ஒரே ஒரு ஆள் வருகிற சந்தை. கண்மாய்க்கரைக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். 'வியாபாரி மலிவாக வாங்கினால் நமக்கும் மலிவாகத்தானே கிடைக்கும், நல்லதுதானே' என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. ஏன் தவறு என்பதை எளிய எண்களில் காட்டலாம்.

அந்த வண்டிக்காரர் 14 ரூபாய் கொடுத்தால் ஊரில் 100 கிலோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 1,400 ரூபாய். 16 ரூபாய் கொடுத்தால் இன்னும் சிலர் ஆள் விட்டுப் பறிப்பார்கள். 120 கிலோ கிடைக்கும். ஆனால் கூடுதல் 20 கிலோவுக்கு மட்டும் 16 கொடுக்க முடியாது, எல்லாருக்கும் 16 கொடுக்க வேண்டும். ஆக 1,920 ரூபாய். அந்த 20 கிலோவுக்காக அவர் கையிலிருந்து கூடுதலாகப் போவது 520 ரூபாய், அதாவது கிலோவுக்கு 26. காரைக்குடியில் அவர் 24-க்கு விற்கிறார் என்றால், அந்த 20 கிலோவில் அவருக்கு நஷ்டம். அதனால் 100 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார். மிச்ச 20 கிலோ செடியிலேயே முற்றும், இல்லாவிட்டால் மாட்டுக்குப் போகும். காரைக்குடிக்கு வரவேண்டிய காய் வரவில்லை. அங்கே விலை இறங்கவும் இல்லை. விளைவித்தவருக்கும் நஷ்டம், சமைப்பவருக்கும் நஷ்டம், நடுவில் ஒருவருக்கு மட்டும் லாபம்.

அதே கரைக்கு இரண்டாவதாக ஒரு குட்டியானை வரட்டும். 14-க்கு வாங்கி 24-க்கு விற்கலாம் என்று கண்டதும் அவர் 15 சொல்வார், முதலாமவர் 16 சொல்வார். டீசலும் ஆள் கூலியும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான் என்கிற வரை விலை ஏறும். சட்டமோ திட்டமோ இல்லாமல் இன்னொரு வண்டியின் ஹாரன் சத்தம் மட்டுமே செய்கிற வேலை இது.

இதை வைத்துத்தான் சொல்கிறேன், வாங்குபவர் பலம் என்பது ஆள் எவ்வளவு பெரியவர் என்பதைப் பொறுத்தது அல்ல. அந்த வண்டிக்காரர் கடன் வாங்கி வண்டி எடுத்தவர். நாட்டின் காய்கறி வணிகத்தில் அவர் பங்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு, அந்தக் கரையில், அந்த நான்கு சாக்குக்கு அவர்தான் முழுச் சந்தை. விற்பவருக்குப் போக வேறு இடம் உண்டா, அங்கே போகிற வரை சரக்கு தாங்குமா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

போக இடம் இல்லாமல் போவது பல விதம். காய்கறிக்கு அழுகல் பயம். ராமநாதபுரம், இளையான்குடிப் பக்கத்து முண்டு வத்தல் அழுகாது, மாதக்கணக்கில் வைக்கலாம். அங்கே கட்டிப்போடுவது முன்பணம். விதைப்புக்கும் களையெடுப்புக்கும் மண்டியில் கடன் வாங்கியவர், மூட்டையை அந்த மண்டிக்கே கொண்டு வரவேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். எதிர்த்த மண்டியில் கூடுதல் விலை போவது கண்ணெதிரே தெரியும், ஆனாலும் மூட்டையை அங்கே இறக்க முடியாது. வட்டி எவ்வளவு என்று கேட்டால் 'வட்டியெல்லாம் இல்ல' என்பார்கள். விலையிலும் எடையிலும் குறைவதுதான் அந்த வட்டி.

கறிக்கோழி இன்னொரு விதம். செட்டிநாட்டுக் கோழி வறுவல் என்று உலகம் முழுக்கப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். இன்று காரைக்குடி ஓட்டல்களிலேயே சட்டிக்கு வருவது பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணையில் வளர்ந்த பிராய்லர்தான். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஷெட்டும் கரண்டும் உழைப்பும் விவசாயியுடையது. கோழி எடை ஏறியதும் கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போகும். விவசாயிக்கு 'வளர்ப்புக் கூலி' மட்டும். தின்ற தீவனத்துக்குக் கோழி எவ்வளவு எடை வைத்தது என்று பார்த்துக் கூலி கூடும், குறையும். கடன் வாங்கிக் கட்டிய ஷெட்டை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. அடுத்த பேட்ச் குஞ்சு எப்போது வரும் என்பது கம்பெனியின் கையில். ஷெட் காலியாகக் கிடக்கிற ஒவ்வொரு வாரமும் பேங்க் வட்டி ஓடும். கூலியைப் பற்றிப் பேச உட்காரும்போது யார் கை ஓங்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கரும்பில் சட்டமே ஒரே வாங்குபவரை உருவாக்கி வைத்திருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஓர் ஆலைக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கலாம். அந்தப் பகுதிக் கரும்பு அந்த ஆலைக்குத்தான். வெட்டிய கரும்பு காய்ந்தால் சர்க்கரைச் சத்து இறங்கிவிடும் என்பதால் தூரத்து ஆலைக்குக் கொண்டு போவதும் கட்டுப்படியாகாது. ஆனால் இந்த ஆணையில் ஒரு நேர்மை உண்டு. ஒரு கையால் விவசாயியைக் கட்டிப்போட்டுவிட்டு, மறு கையால் ஆலையையும் கட்டிப்போடுகிறது. ஆலை கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச விலையை, நியாய ஆதாய விலை என்ற பெயரில், மத்திய அரசு அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு, அதாவது கரும்பின் எடையில் அவ்வளவு சர்க்கரை கிடைத்தால், குவிண்டால் 355 ரூபாய். 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. நாடு முழுக்க நிலுவைக்காகக் கரும்பு விவசாயிகள் போராடுவது நிற்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் கேட்பதற்கு ஒரு தேதியும் ஒரு வட்டியும் எழுத்தில் இருக்கின்றன. கத்தரிக்காய்க்காரம்மாவிடம் அதுவும் இல்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. நம் வீடுகளின் தேக்குத் தூண்களைக் காட்டி, 'பர்மாத் தேக்கு' என்று சுற்றுலா வருபவர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தூண்களுக்குப் பின்னால் இருப்பது நெல்.

1920-களில் பர்மாவில் ஸ்டீல் பிரதர்ஸ் உள்ளிட்ட நான்கு பெரிய ஐரோப்பிய அரிசி நிறுவனங்கள் 'புல்லிங்கர் பூல்' என்ற பெயரில் ஒரு கூட்டு சேர்ந்தன. நெல் வாங்குவதில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விலையை ஏற்றிவிடக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. கீழ் பர்மாவின் உழவர் எதிரே நான்கு வண்டி நின்றது போலத் தோன்றினாலும், உண்மையில் நின்றது ஒரே வண்டி. அந்த உழவருக்குச் சாகுபடிக் கடன் கொடுத்தவர்கள் நம் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள். நெல் விலையை நகரத்தார் குறைக்கவில்லை. ஆனால் கடனுக்குத் தவணை என்று ஒன்று இருக்கிறதே. அறுவடை முடிந்த கையோடு விற்று அடைத்தாக வேண்டும். விலை ஏறட்டும் என்று குதிரில் போட்டு வைக்க வழியில்லை. 1930-இல் உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது; 1938-க்குள் அது சுமார் 25 சதவீதமாயிற்று. நிலம் வேண்டும் என்று போனவர்கள் அல்ல அவர்கள், பணம் புரட்டுபவர்கள். வேண்டாத நிலமும் வேண்டாத பகையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. யுத்தமும் அதன் பிறகு வந்த நில தேசியமயமும் அதையும் கொண்டு போயின. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பல குடும்பங்கள் இன்றும் பேசுகிற இந்த இழப்பின் வேரில், கூட்டுச் சேர்ந்து விலை வைத்த வாங்குபவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். காரைக்குடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சி, பழைய வீட்டின் பின்கட்டில் எட்டுப் பெண்களை வைத்துத் தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை போடுகிறார். முதலில் கல்யாணச் சீருக்கும் தெரிந்தவர்களுக்கும் மட்டும். அப்புறம் சென்னையில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஆர்டர் வந்தது. வீடே கொண்டாடியது. புது அடுப்பு, பாக்கெட் ஒட்டும் மெஷின் எல்லாம் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் பலகாரத்தில் முக்கால்வாசி அந்த ஒரு கடைக்கே போக ஆரம்பித்தது.

ஆச்சி தன் நீள நோட்டை எடுத்துக் காட்டினார். பேசிய கமிஷன் முதல் வரியில் இருக்கிறது. அடுத்தடுத்த மாதங்களில் அதற்குக் கீழே புதுப்புது வரிகள். கண் மட்டத்துத் தட்டில் வைக்க ஒரு தொகை. 'ஒன்று வாங்கினால் ஒன்று' ஆஃபரில் ஆச்சியின் பங்கு. புதுக் கிளை திறப்புக்கு இலவசச் சரக்கு. தேதி நெருங்கிய பாக்கெட்டுகள் ரிட்டர்ன், அதற்கு லாரி வாடகையும் ஆச்சி கணக்கில். 60 நாளில் பணம் என்று பேச்சு. வந்தது மூன்றாவது மாதக் கடைசியில். எதையும் முன்கூட்டிக் கேட்கவில்லை, பில்லில் கழித்துக்கொண்டு அனுப்பினார்கள்.

"கேக்க வேண்டியதுதானே ஆச்சி?"

"கேட்டா அடுத்த ஆர்டர் வராதுப்பா. எட்டு பொம்பளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

இந்த ஒரு வரிதான் உலகம் முழுக்க இந்தப் பிரச்சினையின் மையம். பிரிட்டனில் போட்டி ஆணையம் பலசரக்குச் சங்கிலிக் கடைகளை விசாரித்து 2008-இல் அறிக்கை கொடுத்தது. 2010-இல் சப்ளையர்களை எப்படி நடத்த வேண்டும் என்ற விதித்தொகுப்பு வந்தது. விதி வந்தும் புகார் வரவில்லை. பயம். அதனால் 2013-இல் பலசரக்கு விதிக்கென்றே தனி நடுவரை நியமித்தார்கள். புகார் கொடுத்தவர் யார் என்பதை அவர் வெளியிடக் கூடாது, அவராகவே விசாரணை தொடங்கலாம், கடையின் அந்நாட்டு விற்றுமுதலில் 1 சதவீதம் வரை அபராதம் போடலாம். அந்த நடுவர்தான் 2016 ஜனவரியில், டெஸ்கோ நிறுவனம் சப்ளையர்களுக்குப் பணத்தை இழுத்தடித்து விதியை மீறியது என்று அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் போட்ட உத்தரவில் அழுகும் பொருளுக்கு 30 நாளில் பணம், மற்ற உணவுப் பொருளுக்கு 60 நாள். அழுகும் பொருளுக்கான ஆர்டரைக் கடைசி நேரத்தில் ரத்து செய்யக் கூடாது, ஒப்பந்தத்தை ஒருதலையாக மாற்றக் கூடாது. ஆச்சியின் நோட்டைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

நம் நாட்டில்? 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம்தான். வியாபாரிகள் சேர்ந்து விற்கும் விலையை மட்டுமல்ல, வாங்கும் விலையை நிர்ணயிப்பதையும் அது தடுக்கிறது. புல்லிங்கர் பூல் போன்ற கூட்டு இன்று இங்கே சேர்ந்தால் மூன்றாம் பிரிவில் மாட்டும். ஆதிக்க நிலையில் இருப்பவர் நியாயமற்ற விலைக்கு வாங்கினால் நான்காம் பிரிவு. ஆனால் 'ஆதிக்க நிலை' என்று நிரூபிக்க வேண்டும். எந்தச் சந்தையில், எவ்வளவு பங்கு என்று கணக்குக் கேட்பார்கள். தமிழ்நாட்டின் பலகார வியாபாரத்தில் அந்தச் சூப்பர் மார்க்கெட்டின் பங்கு சொற்பமாக இருக்கும். ஆச்சியின் வியாபாரத்திலோ அது முக்கால்வாசி. சட்டத்தின் அளவுகோல் வாங்குபவரின் பக்கத்திலிருந்து அளக்கிறது. வலியோ விற்பவரின் பக்கத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் சட்டம் 'சார்ந்திருத்தல்' என்பதையும் பார்க்கிறது. நாட்டுக்கே பெரியவராக இல்லாவிட்டாலும், உன்னையே நம்பியிருக்கும் சின்னவரை நெருக்கினால் குற்றம். ஜப்பானிலும் மேலான பேர நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு எதிராகத் தனி விதி உண்டு. அப்படியொரு பிரிவு நமக்கு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஆச்சிக்குக் கொஞ்சம் உதவும். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு கிடுக்கி: உரிய நாளில் பணம் கொடுக்காதவர் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. புகார் கொடுக்கப் பயந்தவருக்கும் இது பயன்படும், ஏனென்றால் கேட்பது ஆடிட்டர். ஆனால் இது பணத் தேதிக்கு மட்டும்தான். ஆஃபர் பங்குக்கும் ரிட்டர்னுக்கும் பதில் இல்லை. வயலில் விளைவிப்பவரை அந்தச் சட்டம் எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கடை அடித்துப் பேசி விலையைக் குறைத்தால், தயாரிப்பவர் அந்த இழப்பைச் சின்னக் கடைகளிடம் ஏற்றி வாங்கப் பார்ப்பார். தெருமுனை அண்ணாச்சிக்குக் கிடைக்கிற விலை சங்கிலிக் கடைக்கும் ஆன்லைன் கடைக்கும் கிடைப்பதைவிட அதிகம் என்று விநியோகஸ்தர்கள் சில வருடங்களாகச் சண்டை போடுவது இதனால்தான். அந்த அண்ணாச்சி கடையை மூடினால், ஆச்சிக்கு மிச்சமிருக்கும் இன்னொரு வாசலும் மூடும்.

வழி இல்லாமல் இல்லை. பாலைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2024-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு, வெங்காயத்துக்கு 36, உருளைக்கு 37. பாலில் சுமார் 70 காசு. இந்த வித்தியாசம் முழுக்க வாங்குபவர் பலத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். தக்காளி நசுங்கும், வழியில் வீணாகும், ஒரே வாரத்தில் வந்து குவியும். ஆனால் பாலும் அழுகும் பொருள்தான், அதுவும் மணிக்கணக்கில். 1940-களில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. மாடு வைத்திருந்தவர்கள் 15 நாள் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்காமல் நின்றார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946-இல் தங்கள் கூட்டுறவு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். அமுல் அங்கிருந்து வந்தது. நம் ஊர்ப் பால் சங்கங்களும் அந்த வழியில் வந்தவைதான். பால் சங்கம் உள்ள ஊரில் தனியார் வண்டிக்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொல்ல முடியாது. சங்கம்தான் அங்கே இரண்டாவது வண்டி.

நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் சாதாரண ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. அதில் விற்காதவருக்குக்கூட அந்த விலை ஒரு பிடிமானம். ஆனால் கண்மாய்ப் பாசன ஊர்களில் அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடக்கும்போது நிலையம் திறக்காமல் பத்து நாள் தள்ளிப்போனால் போதும், வானத்தைப் பார்த்தபடியே வியாபாரி கேட்ட விலைக்குப் போட்டுவிடுவார்கள். இரண்டாவது வண்டி வந்தால் மட்டும் போதாது, நேரத்துக்கு வரவேண்டும்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது, பிறகு காரைக்குடிக்கும் வந்தது. கடை வாடகையும் கமிஷனும் கிடையாது. அடையாள அட்டை இருந்தால் போதும். தோட்டத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து விற்க ஆளும், வந்து சேர வண்டியும் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

கண்மாய்க்கரை ஊரில் அந்தச் சிக்கலுக்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். தோட்டம் வைத்திருக்கும் ஒன்பது பெண்கள் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள் வாடகைக்கு ஒரு குட்டியானை பிடித்தார்கள். முறை வைத்து இரண்டு பேர் மட்டும் காரைக்குடி உழவர் சந்தைக்குப் போவது, மற்றவர்கள் காயையும் சேர்த்து எடுத்துப் போவது. எல்லாக் காயும் அதில் போகாது, பாதி பழைய வண்டிக்காரருக்குத்தான். ஆனால் அந்த மூன்று நாளும் அவர் வண்டியை விட்டு இறங்கி வந்து பேசுகிறாராம். 18, 19 என்கிறாராம். மற்ற நாளில் 15.

ஐப்பசி அடைமழையில் கரை சேறாகி வாடகை வண்டி இரண்டு வாரம் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் 13 ரூபாய் என்று அந்தம்மா போனில் சொன்னார்.